பாப்பாவுக்கு, ஆர்ட் ரூமிலிருந்து அப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

மூன்று வாரம் ராப்பகலாக உட்கார்ந்து செய்த விளம்பரக் கேம்பெயினைக் கிளையண்ட் ஐந்து நிமிஷத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நீ எழுதிய வரிகளை ஒருவர்கூட முழுசாகப் படிக்கவில்லை என்று போனில் சொன்னாய். "நான் இதுக்கு லாயக்கு இல்லையோப்பா" என்றும் கேட்டாய். அப்போதைக்கு ஏதோ ஆறுதல் சொல்லி வைத்தேன். ராத்திரி படுத்தபோது, உனக்கு ஆறுதலைவிட விவரம்தான் உதவும் என்று பட்டது. நானும் உத்தியோகக் காலம் முழுவதையும் விளம்பர ஏஜென்சி ஆர்ட் ரூமில்தானே கழித்தேன்.

ஏஜென்சியில் செய்கிற வேலையில் பெரும்பங்கு வெளியே வராது. கம்பெனிக்காரர் மனதில் இருப்பதை, அவரோடு பேசுகிற சர்வீசிங் ஆள் ப்ரீஃபாக, அதாவது வேலைக் குறிப்பாக எழுதுவார், பிளானிங் அதைச் சுருக்கும், அதற்கப்புறம்தான் உன் மேஜைக்கும் உன் ஆர்ட் டைரக்டர் மேஜைக்கும் வரும். நீங்கள் இருவரும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவீர்கள். கிரியேட்டிவ் டைரக்டர் அதில் நாலைந்தை எடுப்பார். கிளையண்ட் முன்னால் இரண்டு மூன்று போகும். ஒன்று பிழைக்கலாம், அல்லது ஒன்றுமே பிழைக்காமல் போகலாம். இன்று பெரிய பெயரோடு இருக்கிற எல்லாருமே இப்படித் தள்ளிவிடப்பட்ட தாள்களின் மேல்தான் ஏறி வந்தார்கள். கிளையண்ட் வேண்டாம் என்றது அந்தத் தாளைத்தான், உன்னை இல்லை.

நீயும் உன் ஆர்ட் டைரக்டரும் ஒரே மேஜையில் உட்காருகிறீர்களே, அந்த வழக்கமே ஒரு காலத்தில் கிடையாது. எழுதுகிறவர் ஒரு அறையில் எழுதி, தாளை வரைகிறவர் அறைக்கு அனுப்பிவிடுவார். நியூயார்க்கில் 1949-ல் டாயில் டேன் பெர்ன்பாக் ஏஜென்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் பெர்ன்பாக்தான் இருவரையும் சேர்த்து உட்காரவைத்ததற்குப் பெயர் பெற்றவர். அங்கேதான் 1959-ல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் விளம்பரம் வந்தது. பக்கம் முழுக்க வெள்ளை, மேலே ஒரு ஓரமாக இத்தனூண்டு கார், கீழே கொஞ்சம் எழுத்து. மற்ற கம்பெனிகள் எல்லாம் காரைப் பக்கத்துக்கு மேல் பிதுங்குகிற மாதிரி வரைந்துகொண்டிருந்த காலம் அது. ஆர்ட் ஹெல்மட் க்ரோன், எழுத்து ஜூலியன் கோனிக். அந்தப் பக்கத்தில் எது வரைந்தவர் யோசனை, எது எழுதியவர் யோசனை என்று பிரிக்கவே முடியாது. அதனால் சொல்கிறேன், உன் ஆர்ட் டைரக்டரோடு "இது என் லைன், அது உன் படம்" என்று கணக்குப் பார்க்காதே. அவன் ஒரு வரி சொன்னால் வாங்கிக்கொள், நீ ஒரு படம் சொல். யோசனை சபைக்குப் போன பிறகு அது யாருடையதும் இல்லை.

எங்கள் காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது என்பது உனக்குத் தெரியும். என்ன இருந்தது என்று நான் சொன்னதே இல்லை. எழுத்தெல்லாம் டைப்செட்டிங்கில் இருந்து ப்ரொமைட் என்ற போட்டோத் தாளில் வரும். லே-அவுட்டைப் பார்த்து, டி-ஸ்கொயர் வைத்து, பிளேடால் நறுக்கி, ரப்பர் சொல்யூஷன் தடவி அட்டையில் ஒட்டுவோம். தமிழ் விளம்பரம் என்றால் வேலை இரட்டிப்பு. எல்லாம் ஒட்டி முடித்த பிறகு ப்ரூஃப் பார்ப்பவர் வந்து, "மூணாவது வரியில் ஒரு கொம்பு விட்டுப்போச்சு" என்பார். ராத்திரி அந்த நேரத்தில் டைப்செட்டிங் கடை மூடியிருக்கும். மீதமிருக்கும் ப்ரொமைட் துண்டுகளை மேஜையில் பரப்பி, அதே அளவில் ஒரு கொம்பைத் தேடி எடுத்து, அதை மட்டும் நறுக்கி, பிளேடு முனையில் ஏந்திக்கொண்டுபோய் அந்த எழுத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். மூச்சு பலமாக விட்டால் பறந்துவிடும். ஒட்டிய பிறகு வெட்டின ஓரம் அச்சில் கோடாக விழாமல் இருக்க, மெல்லிய பிரஷ்ஷில் வெள்ளை இங்க் தொட்டு மறைப்போம். காய்ந்த சொல்யூஷனை உருண்டையாக உருட்டி வைத்துக்கொண்டு அதனாலேயே மிச்சப் பிசினைத் துடைத்தெடுப்போம். மேலே பட்டர் பேப்பர் மூடி கலர் குறித்துக் கொடுத்தால், பையன் அட்டையைத் தூக்கிக்கொண்டு பத்திரிகை ஆபீசுக்கு ஓடுவான்.

காலையில் டீக்கடையில் பேப்பரைப் பிரித்து அந்தப் பக்கத்தைப் பார்ப்பேன். அந்தக் கொம்பு ஒட்டுப்போட்டது என்று யாருக்கும் தெரியாது. பார்க்கிறவர் எண்ணெய் விலையைப் பார்ப்பார், பக்கத்தைத் திருப்புவார். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும் பாப்பா. நம் பெயர் எங்கேயும் இல்லாத ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்து வெளியே அனுப்புவதில் இருக்கிற திருப்தி அந்தத் தொழிலில் உண்டு. உனக்கும் கிடைக்கும், கொஞ்ச நாள் ஆகும்.

ஆனால் எங்கள் ராத்திரி வேறு, உங்கள் ராத்திரி வேறு. அப்போது பத்திரிகையிலும் ரேடியோவிலும் விளம்பரம் போட்டுக் கொடுத்தால் அந்தச் செலவில் நூற்றுக்குப் பதினைந்து ஏஜென்சிக்குக் கமிஷன். யோசனைக்கென்று தனியாகக் காசு கேட்கிற அவசியம் குறைவு. அப்புறம் விளம்பரத்துக்கு இடமும் நேரமும் வாங்குகிற மீடியா வேலையைப் பிரித்துத் தனிக் கம்பெனிகளாக்கினார்கள். கமிஷனும் அங்கே போனது. கிரியேட்டிவ் ஏஜென்சி மாதக் கட்டணத்தில் ஓட வேண்டியதாயிற்று. கட்டணத்தைக் குறைக்கக் குறைக்க ஆள் குறையும், ஆள் குறைந்தால் இருக்கிறவர்கள் தூக்கம் குறையும். புது கிளையண்டைப் பிடிக்கிற பிட்ச் என்று வந்துவிட்டால் நாலு ஏஜென்சி போட்டி போடும், பெரும்பாலும் ஒருவருக்கும் பைசா கிடையாது, ஜெயிக்கிறவருக்கு மட்டும் அந்த கிளையண்ட். நீ ராத்திரி இரண்டு மணிக்கு மும்பை பரேலில், பழைய மில் இருந்த இடத்தில் கட்டிய ஆபீசில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் உன் வேகக்குறைவு என்று நினைத்துக்கொள்ளாதே. காரணம் இந்தக் கணக்கு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஜப்பானில் டென்ட்சு என்ற மிகப் பெரிய விளம்பர நிறுவனத்தில் 2015-ல் உன்னைப் போலவே புதிதாகச் சேர்ந்த 24 வயதுப் பெண் ஒருத்தி அந்த டிசம்பரில் உயிரை விட்டாள். ஒரே மாதத்தில் 100 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் பார்த்திருக்கிறாள். வேலைப்பளுதான் காரணம் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது. சட்டத்தை மீறி ஓவர்டைம் வாங்கியதற்காக 2017-ல் கோர்ட் அந்த நிறுவனத்துக்குப் போட்ட அபராதம் 5 லட்சம் யென். ஒரு பெண் பிள்ளையின் உயிர் போன பிறகும் அவ்வளவுதான். அந்தச் செய்தியைப் படித்தபோது நீ கல்லூரிக்குக்கூடப் போகவில்லை. இப்போது நீ ராத்திரி போனை எடுக்காத ஒவ்வொரு முறையும் அது நினைவுக்கு வருகிறது. வரிகளைக் கொடு, யோசனைகளைக் கொடு, கேட்டால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றையும் கொடு. உடம்பைக் கொடுக்காதே. அதற்கு எந்த கிளையண்டும் தகுதியானவர் இல்லை.

இன்னொன்றும் கொடுக்கக்கூடாது. சிவப்பழகு கிரீம் மாதிரி ஏதாவது வந்தால், கறுப்பாக இருந்ததால் வேலை கிடைக்கவில்லை, வரன் தட்டிப்போனது என்று எழுதச் சொன்னால், முடியாது என்று சொல்லிவிடு. நம் ஊரில் எத்தனை பெண் குழந்தைகள் அந்தப் படங்களைப் பார்த்துக் கண்ணாடி முன் நின்றிருக்கும். 2014-ல் விளம்பரத் தொழில்துறை தானே அமைத்த தரக் கவுன்சிலான ஆஸ்கி, கறுத்த நிறத்தைத் தாழ்வாகக் காட்டக்கூடாது என்று விதியே கொண்டுவந்தது. 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்தே ஃபேர் என்பதை எடுத்துவிட்டது. ஆகவே நீ தனியாக நின்று சண்டை போடுவதாக நினைக்க வேண்டாம். மரியாதையாக, காரணம் சொல்லி, மறுக்கலாம்.

மற்றபடி காதைத் திறந்து வை. நம் நாட்டு விளம்பரத் தொழிலில் பெரிய பெயர் எடுத்த பியூஷ் பாண்டே 1982-ல் ஓகில்வி ஏஜென்சியில் சேர்ந்தது சர்வீசிங்கில். அதற்கு முன்னால் கிரிக்கெட் ஆடியவர், தேயிலை ருசி பார்க்கிற வேலையில் இருந்தவர். ஆங்கிலத்தில் யோசித்துக்கொண்டிருந்த தொழிலுக்குள் தெருவில் பேசுகிற இந்தியைக் கொண்டுவந்தார். ராஜஸ்தானில் கூரை மேலும் பக்கவாட்டிலும் ஜனம் அப்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிப் போகும் அவர் ஏஜென்சியின் அந்த ஃபெவிகால் பஸ் விளம்பரம் உனக்கு நினைவிருக்கும். ஒருத்தரும் விழமாட்டார்கள், ஒருத்தரும் ஒரு வசனம் பேசமாட்டார்கள். அந்த பஸ்ஸில் போயிருக்கிறவனுக்குத்தான் அது தோன்றும். 2025 அக்டோபரில் பாண்டே இறந்த செய்தி வந்தபோது, ஒரு விளம்பரக்காரருக்காக சாதாரண ஜனங்கள் வருத்தப்பட்டதைப் பார்த்தேன். நீ தினமும் லோக்கல் ரயிலில் லேடீஸ் பெட்டியில் போகிறாய். மீன் கூடைக்காரி பேசுவதையும், சீட்டுக்குச் சண்டை போடுகிறவர்கள் பேசுவதையும் ஹெட்போன் மாட்டாமல் கேள். கான்பரன்ஸ் ரூமில் அது கிடைக்காது.

ஒன்று கேட்கிறேன், தட்டாதே. அடுத்த பிட்ச் தேதி தெரிந்ததும், அதற்கு மறுநாள் லீவு வேண்டும் என்று உன் கிரியேட்டிவ் டைரக்டரிடம் இப்போதே சொல்லி வை. முடிந்த பிறகு கேட்டால் அடுத்த ப்ரீஃப் வந்திருக்கும். மெயிலில் கேள், வாய்ச்சொல் நிற்காது. அவர் தருவார் என்றுதான் நினைக்கிறேன், நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் நல்ல மாதிரியாகத் தெரிகிறார். தரவில்லை என்றால் எனக்குச் சொல், அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
அப்பா