அட்மிட் ஆனார், அட்மிட் பண்ணினாங்க

அன்புள்ள தோழி,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்குத் திருச்சியிலேயே கல்லூரி கிடைத்ததில் எனக்கும் நிம்மதி. இங்கே அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து போடும்போதுதான் தினமும் சண்டை.

பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலத்தில் பாசிவ் வாய்ஸ், அதாவது செயப்பாட்டு வினை, எப்படி நடத்துவது என்று கேட்டிருந்தாய். எனக்கு இப்போது வாய்த்திருப்பது நர்ஸ்கள். இங்கிலாந்து, அயர்லாந்து போவதற்காக ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்கள். அதில் எழுத்துப் பகுதி 45 நிமிடம். முதல் 5 நிமிடம் நோயாளியின் குறிப்புகளைப் படிக்க வேண்டும். மீதி 40 நிமிடத்தில் அவரைப் பற்றி ஒரு கடிதம் எழுத வேண்டும். பெரும்பாலும் அடுத்துக் கவனிக்கப்போகிறவருக்கு.

அந்தக் கடிதத்தில் பாசிவ் இல்லாமல் நகரவே முடியாது. ஊசி போட்டது யார் என்பது படிக்கிறவருக்குத் தேவையில்லை, போட்டாயிற்றா என்பதுதான் தேவை. ஆனால் இவர்கள் 'பேஷன்ட் அட்மிட்டட் ஆன் மன்டே' என்று எழுதுவார்கள். 'வாஸ்' காணாமல் போயிருக்கும். விதியைக் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார்கள். பள்ளியில் 'ராமா கில்டு ராவணா'வை அத்தனை தடவை புரட்டிப் போட்டிருக்கிறார்களே!

அப்புறம் வார்டில் அவர்கள் பேசும் தமிழையே எடுத்துக்கொண்டேன். 'அட்மிட் ஆனார், டிஸ்சார்ஜ் ஆனார்' என்பார்கள். அதையே 'அட்மிட் பண்ணினாங்க, டிஸ்சார்ஜ் பண்ணினாங்க' என்றும் சொல்லலாம். அப்படி மாற்ற முடிந்தால் அது வேறு யாரோ செய்த வேலை. நோயாளியை வைத்து வாக்கியத்தைத் தொடங்கினால் 'வாஸ்' வர வேண்டும். இனி 'எக்ஸ்பயர் ஆனார்' என்பதை 'எக்ஸ்பயர் பண்ணினாங்க' என்று மாற்றிப் பாருங்கள் என்றேன். வகுப்பே சிரித்துவிட்டது. 'வாஸ் எக்ஸ்பயர்டு' அதோடு குறைந்தது. (அங்கே 'டைடு' என்று நேராகவே எழுதுங்கள் என்பது தனிப் பாடம்.) 'வாஸ் சஃபர்டு ஃப்ரம் ஃபீவர்' மட்டும் இன்னும் ஒழியவில்லை. சஃபர் பண்ணுகிறவர் நோயாளியேதான், வேறு யாரும் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

உன் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: தொடக்கத்தில், செய்தவரைக் காட்டும் 'பை'யை (by) தொடாதே. ஆங்கிலத்தில் நிஜமாகப் புழங்கும் பாசிவ் வாக்கியங்களில் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. பரீட்சைக்காகப் புரட்டிப் போடுவதைக் கடைசியில் வைத்துக்கொள். அறிவியல் ரெக்கார்ட் நோட்டில் இருந்து ஆரம்பி. 'தி சொல்யூஷன் வாஸ் ஹீட்டட்' என்று எழுதும்போது சூடாக்கியது தான்தான் என்று எந்தப் பிள்ளையும் சொல்லிக்கொள்வதில்லை.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் அமெரிக்க அதிபராக இருந்த ரீகனையும் கூப்பிடலாம். ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தைப் பற்றி 1987 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசியபோது 'சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்றார். யார் செய்தது? வாக்கியத்தில் ஆளே இல்லை. டம்ளரைப் போட்டு உடைத்த பிள்ளை 'உடைஞ்சிருச்சு' என்று சொல்வது மாதிரிதான். இதை உன் வகுப்பு நொடியில் பிடித்துக்கொள்ளும் பார்.

சரி, உங்கள் பள்ளியின் பழைய கேள்வித்தாள் இரண்டு மூன்று அனுப்பி வை. வாய்ஸ் கேள்விகளை எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பயிற்சி ஏதாவது எழுதித் தருகிறேன். மகனிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழி