எங்களிடம் வந்து சேராத ஆர்டருக்கு உங்கள் மென்பொருள் அனுப்பிய ஒப்புகை

அனுப்புநர்: விற்பனைப் பிரிவுப் பொறுப்பாளர், வாகன உதிரிபாகத் தொழிற்கூடம், பீன்யா, பெங்களூரு.

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு.

பொருள்: இடிஐ (நிறுவனங்களுக்கிடையே கணினிவழி ஆவணப் பரிமாற்றம்) – ஈஆர்பி (நிறுவன நிர்வாக மென்பொருள்) இணைப்பின் குறைபாடுகள்.

ஐயா,

எங்கள் ஜெர்மன் வாடிக்கையாளர் அனுப்பும் விநியோக அட்டவணை, கை படாமல் நேராக எங்கள் ஈஆர்பியில் ஏறும் என்று சொல்லித்தான் இந்த இணைப்பை விற்றீர்கள். முன்பு ஒருவர் மின்னஞ்சலைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். இப்போது இருவர் அட்டவணையை அச்செடுத்து, உங்கள் மென்பொருள் என்ன ஏற்றியிருக்கிறது என்று வரிக்கு வரி சரிபார்க்கிறார்கள்.

அந்த அட்டவணை எடிஃபாக்ட் என்ற சர்வதேச இடிஐ வடிவில் வருகிறது. அந்தக் கோப்பின் தலையிலுள்ள யுஎன்ஏ என்ற வரி, தசமக் குறி எது என்பதை அறிவிக்கிறது. எடிஃபாக்டின் இலக்கணத்தை வகுக்கும் ஐஎஸ்ஓ 9735 தரம் 1988இல் வெளியானபோதே அதில் இருந்த ஏற்பாடு அது. எங்கள் வாடிக்கையாளர் காற்புள்ளியைத் தசமக் குறியாக அறிவித்திருக்கிறார். உங்கள் மென்பொருள் அந்த வரியைப் பொருட்படுத்தாமல் காற்புள்ளியை அப்படியே நீக்கிவிட்டது. அவர் 480,000 என்று எழுதினால் நானூற்று எண்பது என்று பொருள்; எங்கள் திரையில் அது 4,80,000 ஆகிவிட்டது. மூலப்பொருள் திட்டமிடலும் அதை நம்பி எஃகுச் சுருளுக்குக் கொள்முதல் கோரிக்கை எழுப்பியது. "இத்தனை சுருளை எங்கே இறக்குவது?" என்று கிடங்குக்காரர் கேட்டதால் தப்பித்தோம்.

இதைத் திருத்திவிட்டீர்கள். திருத்தாமல் விட்டிருப்பது இதைவிட மோசமானது. வரைபடம் மாறி, ஒரு பாகத்தின் எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து சேர்ந்தது. வாடிக்கையாளரின் பாக எண்ணை எங்கள் எண்ணோடு பொருத்தும் அட்டவணையில் அது இல்லாததால், அந்த ஆர்டர் வரியை உங்கள் மென்பொருள் பிழைக் கோப்புறையில் போட்டுவிட்டது. யாருக்கும் எச்சரிக்கை வரவில்லை. ஆனால் வாடிக்கையாளருக்கு மட்டும் 'கோப்பு ஏற்கப்பட்டது' என்ற ஒப்புகை தானாகவே போய்விட்டது. நாங்கள் பார்க்காத ஆர்டரை நாங்கள் ஏற்றதாக அவர் நம்பினார். அனுப்புகை முன்னறிவிப்பு ஏன் வரவில்லை என்று அவர் கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலில் போகவேண்டிய சரக்கை, தேவனஹள்ளியிலிருந்து விமானத்தில் அனுப்பினோம். செலவு எங்கள் தலையில்.

அந்த ஒப்புகை கோப்பின் இலக்கணம் சரி என்பதற்கு மட்டுமே, ஆர்டரை ஏற்றதற்கு அல்ல என்று உங்கள் மேலாளர் விளக்கம் எழுதினார். சரிதான். ஆனால் ஆர்டர் ஈஆர்பியில் ஏறாதபோது அதைத் தெரிவிக்க அபராக் என்ற தனிச் செய்தியே எடிஃபாக்டில் இருக்கிறதே. அதை ஏன் அமைக்கவில்லை? பிழைக் கோப்புறையை உங்கள் நிர்வாகக் கணக்கு மட்டுமே திறக்க முடியும் என்ற உண்மையையாவது உங்கள் உதவி மையத்தில் தமிழ் பேசும் ஒரு தம்பி சொன்னார். அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

வணிகப் பயன்பாட்டுக்கு வாங்கியதால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எங்களுக்கு உதவாது என்றும் அதே மேலாளர் நினைவூட்டினார். நம் ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புக்கான பிரிவு இருக்கிறது என்பதை நான் அவருக்கு நினைவூட்டுகிறேன்.

பிழைக் கோப்புறை எங்கள் அனுப்புகைப் பிரிவுக்குத் திறக்கப்பட வேண்டும். ஒரு வரி தேங்கினாலும் உடனே மின்னஞ்சல் வர வேண்டும். அபராக் செய்தியை அமைத்து, வாடிக்கையாளரோடு சோதித்துக் காட்ட வேண்டும். விமானக் கட்டண ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன். அந்தத் தொகையை ஈடு செய்யுங்கள். இவை முடியும்வரை ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தைச் செலுத்த மாட்டோம்.

இப்படிக்கு,
விற்பனைப் பிரிவுப் பொறுப்பாளர்