விளக்கு எரியும்போது அளந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விமானப் பராமரிப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு வோல்ட்மீட்டரைப் பிடிக்கக் கற்றுத் தருகிறோம், ஆனால் அது காட்டும் எண்ணை எப்போது நம்பலாம் என்பதைப் போதிய அளவு அழுத்திச் சொல்வதில்லை.

28 வோல்ட் டிசி விமானம், லேண்டிங் லைட் மங்கலாக எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பல்பைக் கழற்றிவிட்டு கனெக்டரில் மீட்டரை வைத்தால் ஏறக்குறைய முழு வோல்ட்டேஜும் வரும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு குறைவு, அரித்துப்போன முனையோ ஓரிரு இழை மட்டும் மிஞ்சிய வயரோ அதில் பிடிபடாது. பல்பை மாற்றுவார்கள், கோளாறு அப்படியே இருக்கும். விளக்கை எரியவிட்டு, பஸ்பாரிலிருந்து (மின்சாரத்தைப் பல கருவிகளுக்குப் பிரித்துத் தரும் உலோகப் பட்டை) விளக்கு முனை வரை ஒரு அளவு, அப்புறம் விளக்கின் எர்த் முனையிலிருந்து விமானத்தின் உடல் வரை இன்னொரு அளவு எடுங்கள். வோல்ட்டேஜ் எங்கே விழுகிறது என்பது தெரிந்துவிடும். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ வெளியிட்ட ஏசி 43.13-1பி கையேட்டின்படி, 28 வோல்ட் அமைப்பில் பஸ்பாருக்கும் கருவிக்கும் நடுவே தொடர்ந்து இயங்கும் கருவிகளுக்கு 1 வோல்ட், விட்டுவிட்டு இயங்குபவற்றுக்கு 2 வோல்ட் வரைதான் இழப்பு இருக்கலாம்.

115 வோல்ட் ஏசி பக்கம் வேறு கவனம் வேண்டும். அது பெரும்பாலும் 400 ஹெர்ட்ஸ், வீட்டு 50 ஹெர்ட்ஸை மனதில் வைத்துச் செய்த மலிவு மீட்டர் அங்கே தவறாகக் காட்டலாம். மீட்டரின் சிவப்பு லீடு (அளக்கும் வயர்) ஆம்பியர் துளையில் இருக்க வோல்ட்டேஜ் பார்க்கப் போனால் நேரே ஷார்ட் சர்க்யூட்தான்.

சரி, பயிற்சி நிலையங்களிடம் கேட்பது ஒன்றே: செய்முறைத் தேர்வில் லோடு ஓடும்போது, அதாவது கருவி கரண்ட் இழுத்து இயங்கும்போது, அளப்பதைக் கட்டாயமாக்குங்கள்.

இப்படிக்கு,
விமான மின்பராமரிப்புப் பணியாளர், சென்னை