செங்கல்தேரி ஓடையும் வெறும் கை இரவுகளும்

களக்காடு,
ஐப்பசி 27

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் வந்த அன்று இங்கே அடைமழை. வாழைக்கு முட்டுக் கொடுக்கவே நேரம் சரியாக இருந்தது, அதனால்தான் தாமதம். அம்மா நலம். மதினியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

நம் ஊர்ப் பெயர் கொண்ட அந்த மரத்தவளையைப் பார்த்துவிட்டேனடா! வனத்துறை அனுமதியோடு மலைமேல் இருக்கும் செங்கல்தேரிக்குப் போகும் தவளைக் கணக்கெடுப்புக் குழுவில் குறிப்பு எழுதுவது என் வேலை. போன செவ்வாய்க்கிழமை, இரவு எட்டே முக்கால் மணி. மழை விட்டும் இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன. ஓடைக்கு மேல் சாய்ந்திருந்த ஈத்தை என்ற மெல்லிய மூங்கிலில் ஒரு காய்ந்த இலை ஒட்டியிருப்பதாகத்தான் நினைத்தேன். கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணன் பேசாமல் அதன்மேல் டார்ச்சை நிறுத்தினார். பழுப்பு உடம்பு, முன்னங்கை ஓரம் நெடுகத் தோல் மடிப்பு. மெதுவாகக் காலை நகர்த்தியபோது குதிகாலில் கூராக நீண்டிருந்த தோல் நுனி தெரிந்தது. அதேதான்.

1927இல் எர்ன்ஸ்ட் ஆல் என்ற ஜெர்மானியர் அதற்கு ராக்கோபோரஸ் கல்காடென்சிஸ் என்று பெயர் வைத்தார். நம் களக்காடுதான் அந்தக் 'கல்காட்'. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகுதான் அது தெரிந்தது என்பதில் வருத்தமுண்டு.

பத்தடி தள்ளி, பாறை மறைவில் தண்ணீர் தேங்கிய இடத்துக்கு நேர் மேலே, இலையில் ஒரு நுரைக்கூடு. பெண் தவளை தன் உடலிலிருந்து வரும் திரவத்தைப் பின்னங்காலால் அடித்து நுரையாக்கி அதற்குள் முட்டையிடும். மேல்நுரை காய்ந்துவிடும், உள்ளே ஈரம் நிற்கும். பொரித்த தலைப்பிரட்டைகள் நழுவி நேராகத் தண்ணீரில் விழும். எல்லாரும் அது இந்தத் தவளையின் கூடுதான் என்றார்கள். கூட்டின்மேல் தவளையைப் பார்க்காததால் 'இனம் உறுதியில்லை' என்றே எழுதினேன்.

ஒன்றும் தென்படாத இரவுகளை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டிருந்தாய். முதல் ஆண்டு நானும் எழுதவில்லை. இப்போது அந்த நோட்டைப் புரட்டினால், போய்த் தேடியும் காணாத நாள் எது, போகாமலே இருந்த நாள் எது என்று எனக்கே தெரியவில்லை. மழை எப்போது பெய்தால் தவளைகள் கீழே இறங்குகின்றன என்று கேட்டால் அந்த நோட்டு வாய் திறக்காது. ஆகவே தேதி, நேரம், மழை, எத்தனை பேர் எவ்வளவு நேரம் தேடினோம் என்பதோடு 'இல்லை' என்றும் எழுதிவிடு.

உங்கள் பழனி மலையில் 2008இல் பெயர் பெற்ற அந்த விண்மீன் கண் தவளைக்கும் இது பொருந்தும். அதன் தலைப்பிரட்டைகள் ஓடையில்தான் வளர்கின்றன. பகலில் பாறையிடுக்குக் குட்டைகளையும் பார். அட்டை கடிக்காமலிருக்கப் புகையிலைத்தூளும் உப்பும் தடவிய கையால் மட்டும் தவளையைத் தொட்டுவிடாதே. அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும்.

கார்த்திகை முதல் வாரம் மறுபடியும் மலைக்குப் போகிறோம். அதற்குள் உன் பழைய நோட்டின் நகலை அனுப்பிவை. உன் ஓடையில் மழை பெய்த நாட்களை என்னுடையவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
முத்து