சின்னானைக் கொடுத்துவிடாதே

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. உன் பூனை சின்னான் மெத்தையில் மூத்திரம் போகிறான், சோபாவைக் கீறுகிறான், யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. சரி, அவனைப் பற்றியே சொல்கிறேன்.

முதலில் கால்நடை டாக்டரிடம் காட்டு. ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் மிகக் குறுகல். லிட்டர் பாக்ஸில், அதான் அவன் ஒதுங்கும் மணல் பெட்டியில், திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறான், கத்துகிறான், சொட்டுதான் வருகிறது அல்லது வரவே இல்லை என்றால் அடைப்பாக இருக்கும். விடியட்டும் என்று இருக்காதே, ஓரிரு நாளில் உயிரே போய்விடும். அடைப்பில்லாமல் எரிச்சல் மட்டும் இருந்தாலும், வலித்த இடம் என்று பாக்ஸை வெறுத்து மெத்தைக்கு வருவான். பழிவாங்குகிறான் என்று நினைத்துத் திட்டாதே. மூக்கைப் பிடித்துத் தேய்ப்பது, தண்ணீர் அடிப்பது எதுவும் வேண்டாம். எதற்கு அடி விழுந்தது என்று அவனுக்குப் புரியாது, உன்னைக் கண்டால் பயம்தான் மிஞ்சும். பயந்த பூனை இன்னும் கண்ட இடத்தில் போகும்.

எப்படிப் போகிறான் என்று கவனி. குந்தி உட்கார்ந்து போனால் உடம்பு சரியில்லை, அல்லது பாக்ஸில் ஏதோ பிடிக்கவில்லை. நின்றபடி வாலைத் தூக்கி நடுக்கிச் சுவரில் கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டாயா? செய்தால் பெரும்பாலான ஆண் பூனைகள் இதை விட்டுவிடும். ஜன்னலுக்கு வெளியே வேறு பூனை தெரிந்தாலும் பீய்ச்சும். கண்ணாடியின் கீழ்ப்பாதியை மறைத்துவிடு.

ஒரு பூனைக்கு இரண்டு பாக்ஸ் வை, வேறு வேறு இடத்தில். மூக்கிலிருந்து வால் அடிவரை அவன் எவ்வளவு நீளமோ அதில் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். மூடி வேண்டாம். வாசனை சேர்க்காத, நைசான, கட்டிபிடிக்கும் மணலை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போட்டு, தினமும் இரண்டு தடவை அள்ளு. சாப்பாட்டுக்குப் பக்கத்திலோ வாஷிங் மெஷினுக்குப் பக்கத்திலோ வைக்காதே. அவன் உள்ளே இருக்கும்போது மெஷின் ஒருமுறை அதிர்ந்தால் போதும், அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டான். மெத்தையை, மூத்திர வாசனையை முறிக்கிற என்சைம் கிளீனரில் ஊறவிட்டுத் துடை. அம்மோனியா கலந்தது கூடாது, அவனுக்கு அது மூத்திர வாசனைதான். பினாயிலும் கூடாது, பூனைக்கு விஷம்.

கீறுவதை யாராலும் நிறுத்த முடியாது, இடத்தைத்தான் மாற்றலாம். சைசல் என்ற சொரசொரப்பான நார்க் கயிறு சுற்றிய, 90 சென்டிமீட்டர் உயரமுள்ள, ஆடாத கம்பம் ஒன்றை சோபாவை ஒட்டி வை. ஆடினால் தொடமாட்டான். சோபா மூலையில் இருபக்கமும் ஒட்டும் டேப் போடு.

இன்னொன்று. வீட்டில் ஆள் மாறினாலும், நேரம் காலம் மாறினாலும் பூனை இப்படித்தான் காட்டும். கவலையிலேயே நீர்ப்பையில் எரிச்சல் வந்துவிடும். அங்கே என்ன மாறியிருக்கிறது என்று நீ எழுதவில்லை. கண் திறக்காத குட்டியாக வந்தவனுக்கு ராத்திரியெல்லாம் விழித்துச் சிரிஞ்சில் புகட்டியவள் நீ. இவ்வளவு பொறுமைசாலி ஒரே வரியில் கொடுத்துவிடுகிறேன் என்றால், எனக்குப் பூனையை நினைத்து மட்டும் பயம் இல்லை.

தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வை. காலையும் இரவும் 10 நிமிடம் கோலில் கட்டிய இறகை ஆட்டி ஓடவிடு, முடிந்ததும் தீனி கொடு. கையை ஆட்டி விளையாடாதே, பிறகு கையைக் கடிப்பான். உனக்கும் நேரத்துக்கு எழுந்ததுபோல இருக்கும்.

குந்தியா, நின்றா என்று பார்த்து எழுது. எழுத முடியாவிட்டால் போன் செய், எந்நேரமானாலும் எடுப்பேன். முதலில் டாக்டரிடம் காட்டு.

உன் அம்மா