பெயர் அட்டையில் உடையும் தமிழ்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலை தேடும் கிராபிக் டிசைன் மாணவர்கள் அச்சுக்குக் கொண்டுவரும் பெயர் அட்டைகளில் பெரிய வம்பு தமிழ் எழுத்துதான். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வடிவமைப்பு மென்பொருளில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்கும் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், 'செ'யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். செல்வி, செந்தில் எல்லாம் சொந்தப் பெயரிலேயே மாட்டிக்கொள்வார்கள்! சரிபார்த்தபின் எழுத்தை அவுட்லைன் ஆக்கி, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றி, பிடிஎஃப் அனுப்புங்கள். அதே எழுத்துரு அச்சகத்தில் இருக்குமென்று நம்ப வேண்டாம்.

இங்கு மலேசியாவில் அட்டையின் வழக்கமான அளவு 90 x 54 மி.மீ. பின்னணி நிறத்தை நான்கு பக்கமும் 3 மி.மீ. நீட்டுங்கள், இல்லையேல் வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக்கோடு விழும். சிறிய எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் போதும். வண்ண அச்சின் நான்கு மையும் கலந்தால், அதில் ஒன்று இம்மி விலகினாலும் நிழல்தட்டும். கல்லூரிகள் இதை முதல் பருவத்திலேயே சொல்லித்தரலாமே.

அச்சு வடிவமைப்பாளர்கள் சிலர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்