சர்வரின் வயரைப் பிடுங்கிப் பாருங்கள்

திருப்பூர் பின்னலாடைத் தொழில் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

இந்த ஊரில் 18 ஆண்டுகளாகக் கணினிப் பராமரிப்பு பார்க்கிறேன். நிட்டிங், காம்பேக்டிங், எம்பிராய்டரி, சிறிய தையல் யூனிட்டுகள் என்று நாற்பது இடங்களுக்குமேல் கம்ப்யூட்டர் நின்றால் முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். உங்களில் ஒரு சங்கம் அண்மையில் உறுப்பினர்களுக்கு ஒரு படிவம் அனுப்பியது. ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தாக்குதலுக்கு உங்கள் நிறுவனம் தயாரா என்று கேட்கிறது அது. ஆன்டிவைரஸ் உண்டா, ஃபயர்வால் உண்டா, பேக்கப் எடுக்கிறீர்களா. ஆம் அல்லது இல்லை என்று டிக் அடிக்க வேண்டும். என் வாடிக்கையாளர் ஒருவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். “எங்களுக்கு அடி விழுந்ததற்கு முதல் நாள் கொடுத்திருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஆம் என்றுதான் போட்டிருப்பேன்” என்றார்.

பொய்யில்லை. அங்கே எல்லாமே இருந்தன.

அது ஒரு சனிக்கிழமை, சம்பள நாள். கணக்கு பார்க்கும் பெண் காலையில் டாலி என்ற கணக்கு மென்பொருளைத் திறந்தபோது நிறுவனங்களின் பட்டியல் காலியாக இருந்திருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. ஃபோல்டரில் கோப்புகள் இருந்தன, ஆனால் ஒவ்வொன்றின் பெயருக்கும் பின்னால் ஏதோ ஒரு வால் ஒட்டியிருந்தது. நடுவில் பணம் கேட்டு ஒரு கடிதம். சர்வருக்குப் பக்கத்தில் பேக்கப் ஹார்ட் டிஸ்க், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்க, நீல விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது. ஆண்டு முழுக்க அது சர்வரிலேயே செருகியபடி இருந்தது. உள்ளே வந்தவனுக்கு அது இன்னொரு டிரைவ், அவ்வளவுதான். அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டான். அந்த டிஸ்கை அப்படிச் செருகிவைத்தது நான்தான். அதனால் உங்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்குக் குறைவு. பட்டதைச் சொல்கிறேன்.

உரிமையாளர் பணம் கட்டவில்லை. கட்டியிருந்தாலும் பூட்டிய கோப்புகளைத் திறக்கும் சாவி வரும் என்பதற்கு யார் உத்தரவாதம்? ஜிஎஸ்டி தளத்திலிருந்து தாக்கல் செய்த விவரங்களை இறக்கினோம். நூல் கடைக்காரர்களிடம் பில் நகல் கேட்டு வாங்கினோம். பையரின், அதாவது ஆர்டர் கொடுத்தவரின் அளவுப் பட்டியலை, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடம் ஏதோ சாக்குச் சொல்லி மறுபடி கேட்டோம். ஆனால் அந்த வாரச் சம்பளத்தை எதை வைத்துப் போட்டோம் தெரியுமா? பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்கள் தங்கள் கைப்பையில் வைத்திருந்த குட்டி நோட்டுகளை வைத்து. ஒருவர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருந்தார். எத்தனை பீஸ், எந்த ஸ்டைல், எந்தத் தேதி, எல்லாம் சரியாக இருந்தது. அந்த யூனிட்டில் உருப்படியான பேக்கப் அவர்களிடம்தான் இருந்தது. கணக்கு பழைய நிலைக்கு வர 19 நாட்கள் ஆயின.

எப்படி உள்ளே வந்தான்? கணக்கர் வீட்டிலிருந்தே டாலி பார்ப்பதற்காக ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை, வெளியிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் வழியை, திறந்துவிட்டிருந்தார்கள். கடவுச்சொல் நிறுவனத்தின் பெயரும் 123ம். இப்படித் திறந்து கிடக்கும் கதவுகளைத் தேடி இரவு பகலாகக் கணினிகளே இணையம் முழுக்கத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. வாசல் கதவைத் திறந்துபோட்டுவிட்டு பீரோவுக்கு விலை உயர்ந்த பூட்டு வாங்கினோம், அதுதான் நடந்தது. விபிஎன் என்ற பாதுகாப்பான தனிப்பாதை போட்டு, ஓடிபி கேட்கும்படி செய்திருந்தால் இவ்வளவு எளிதாக நுழைந்திருக்க முடியாது.

“நம்மிடம் என்ன இருக்கிறது, நம்மை ஏன் தேடி வரப்போகிறான்” என்று நீங்கள் கூட்டங்களில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். தேடி வருவதில்லை, தட்டியவுடன் திறந்த இடத்தில் நுழைகிறான். 2017 மே 12 அன்று பரவிய வானாக்ரை என்ற ரான்சம்வேர் 150 நாடுகளில் புகுந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். நம் ஊரில் இன்னும் விண்டோஸ் 7 ஓடும் கட்டிங் அறைகளை நான் பெயர் சொல்லாமல் விடுகிறேன்.

படிவத்தை ஏன் இவ்வளவு குறை சொல்கிறேன் என்றால், இங்கிலாந்தில் கேஎன்பி என்ற லாரி நிறுவனம் இருந்தது. 158 ஆண்டுப் பழமை, சுமார் 500 லாரிகள். இணையத் தாக்குதலுக்குக் காப்பீடுகூட எடுத்திருந்தார்கள். ஊழியர் ஒருவரின் கடவுச்சொல்லை ஊகித்து ரான்சம்வேர் கும்பல் உள்ளே நுழைந்திருக்கிறது என்று நம்பப்படுகிறது. 2023இல் நிறுவனமே மூடப்பட்டது, 700 பேருக்கு வேலை போயிற்று. நம் படிவத்தை அவர்களிடம் கொடுத்திருந்தால் நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பார்கள்.

தப்பித்த கதையும் ஒன்று உண்டு. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற கணினி வைரஸ் தாக்கியபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் முக்கிய சர்வர்கள் உலகம் முழுக்க விழுந்தன. நம் கன்டெய்னர்களையும் ஏற்றும் அதே மெர்ஸ்க். கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் ஒரு சர்வர் பிழைத்தது, ஏனென்றால் அந்த நேரம் அங்கே கரண்ட் இல்லை. அந்த ஒரு நகலை வைத்துத்தான் நெட்வொர்க்கை மறுபடி எழுப்பினார்கள். மின்வெட்டை வாழ்த்தியவர்கள் உலகத்திலேயே அவர்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

ஆகவே என் கோரிக்கை இது. படிவத்தைக் கிழித்துப் போட வேண்டாம், அதில் ஒரே ஒரு சோதனையைச் சேருங்கள். ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாத ஒரு திங்கட்கிழமை, சங்கத்திலிருந்து ஆள் போய் உறுப்பினரின் சர்வரிலிருந்து நெட்வொர்க் வயரைப் பிடுங்கட்டும். “இது செத்துவிட்டது” என்று சொல்லிவிட்டு ஒரு ஸ்டாப்வாட்ச்சை அழுத்தட்டும். அவர்கள் பேக்கப்பை எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, நேற்றைய ஒரு டெலிவரி சலானை எடுத்துக் காட்டி, இன்றைக்கு ஒரு புது பில் போட்டுக் காட்ட வேண்டும். எத்தனை மணி நேரம்? யாருக்குச் செய்யத் தெரிந்தது? பேக்கப் எந்தத் தேதியோடு நின்றிருந்தது? என் அனுபவத்தில் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் உரிமையாளரை நாற்காலியில் உட்கார வைக்கும். பெயர் போடாமல் முடிவுகளை மட்டும் உறுப்பினர்களுக்கு அனுப்புங்கள், போதும்.

அப்படியே ஒரு தாளை அச்சடித்துக் கொடுங்கள், சுவரில் ஒட்டிக்கொள்ள. கம்ப்யூட்டருக்குள் வைத்தால் அன்றைக்கு அதுவும் திறக்காது. சைபர் குற்ற உதவி எண் 1930, கணினிக்காரரின் எண், வங்கி மேலாளரின் எண். 2022 ஏப்ரல் உத்தரவுப்படி தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கட்டும். பையருக்குத் தெரிந்தால் ஆர்டர் போய்விடும் என்று மூடி மறைத்தவர்களை நான் அறிவேன். சங்கம் பக்கத்தில் நிற்கும் என்று தெரிந்தால் பாதிப்பேராவது வாய் திறப்பார்கள்.

முதல் சோதனைக்கு என் வாடிக்கையாளர்கள் மூன்று பேர் சம்மதித்திருக்கிறார்கள். அதில் ஒன்று அந்தத் தையல் யூனிட்டேதான். இப்போது அங்கே இரண்டு டிஸ்க். ஒன்று யூனிட்டில் வேலை முடிந்ததும் கழற்றப்படுகிறது, மற்றது உரிமையாளர் வீட்டு பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில். செவ்வாயும் வெள்ளியும் மாற்றிக்கொள்கிறார்கள். அவர் மறந்தாலும் வீட்டு அம்மா மறப்பதில்லை. டிஸ்க் வராமல் சாப்பாடு போடுவதில்லை என்று கேள்வி. தேதியை மட்டும் நீங்கள் சொல்லுங்கள், வயரைப் பிடுங்க நானே வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க் கணினிக்காரன்